வெளியே கூப்பிட ஒருவர்

தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர், சேத்தூர், இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமிருந்து படிக்கவும் வேலைக்கும் குளிர்தேசம் போயிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



1913ஆம் ஆண்டு கல்கத்தாவிலிருந்து இருபது வயது இளைஞர் ஒருவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். லண்டன் பல்கலைக்கழகத்தில் சேர்வதுதான் திட்டம். அதற்கு முன்னால் கேம்பிரிட்ஜை ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் அழகு அவரை அங்கேயே நிறுத்திவிட்டது. லண்டன் திரும்ப வேண்டிய ரயில் போய்விட்டது. இரவு ஒரு நண்பரின் இடத்தில் தங்கினார். அங்கே புதிதாக அறிமுகமான கண்டேத் என்கிற தென்னிந்திய மாணவர், இந்தக் கல்லூரியிலேயே இடம் கேட்டுப் பார்க்கலாமே என்று சொன்னார். கேட்டார், கிடைத்தது. அந்த இளைஞர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை 1931இல் நிறுவியவர். அவர் பிறந்த ஜூன் 29ஐத்தான் நாடு இன்று புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறது.

ஒரு நாள் பயணத்தாலும் ஒரு புதிய சிநேகிதராலும் ஒரு மனிதரின் பாதை இப்படித் திரும்பியிருக்கிறது. ஆனால் இந்த மடல் மகலனோபிஸின் பெருமையைப் பேச வரவில்லை. அவர் அடுத்த ஆண்டு இன்னொருவருக்குச் செய்த சின்ன உதவியைப் பற்றிச் சொல்லத்தான் வருகிறது.

அந்த இன்னொருவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன். 1914 மார்ச் 17இல் சென்னையில் கப்பலேறி, ஏப்ரல் 14இல் லண்டனில் இறங்கினார். அவர் இறங்கியது இளவேனிலில். இங்கிலாந்து தன் முகத்தை இதமாகக் காட்டும் பருவம் அது. ஆகஸ்டில் முதல் உலகப்போர் தொடங்கியது. அவர் சேர்ந்த கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் நெவில் முற்றத்தில், காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டில் போட்டார்கள். அதன்பின் குளிர் இறங்கியது.

குளிர் நன்றாக உறைக்கத் தொடங்கிய ஒரு நாள் மகலனோபிஸ் ராமானுஜனின் அறைக்குப் போனார். அவர் கணப்புக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தார். இரவில் கதகதப்பாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, இல்லை என்றார்; ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டுதான் தூங்குவதாகச் சொன்னார். போர்வை போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிப் போர்வைகள் தாராளமாக இருந்தன. அவற்றின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் பரப்பி வைத்திருந்தார்கள். அந்த ஊர் வழக்கம் அது. போர்வைகளை விலக்கிவிட்டு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. கம்பளிகளுக்கு மேலே, அந்த மெல்லிய விரிப்புக்கு அடியில் நடுங்கியபடி படுத்திருந்தார். எப்படி உள்ளே நுழைவது என்று மகலனோபிஸ் செய்து காட்டினார். ராமானுஜன் மனம் நெகிழ்ந்துபோனார் என்று மகலனோபிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் ராமானுஜனைப் பற்றித் தொகுத்த நூலால் அந்த நினைவுகள் நமக்குக் கிடைத்தன.

தம்பி தங்கைகளே, இதை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அறையில் கம்பளி இருந்தது. குளிரும் இருந்தது. நடுவே அந்த ஊர்ப் பழக்கம் தெரிந்த ஒருவர் மட்டும் இல்லை. அவர் கதவைத் தட்டி உள்ளே வந்தார், விஷயம் முடிந்தது. கணிதத்தில் உலகமே வியந்த மூளைக்கும் இதைச் சொல்லித்தர ஓர் ஆள் தேவைப்பட்டது. உங்களில் யாருக்காவது ஒரு சின்ன விஷயம் பிடிபடாமல், கேட்கவும் கூச்சமாக இருக்கிறது என்றால், கேட்டுவிடுங்கள்.

அவர்கள் உறவு அறையோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்திய மாணவர்கள் சிலர் சேர்ந்து நெடுந்தூரம் நடக்கப் போவார்கள், ராமானுஜனும் போவார். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு மகலனோபிஸ் வந்திருந்தார். ராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். கையில் கிடைத்த 1914 டிசம்பர் மாத ஸ்ட்ராண்ட் இதழைப் புரட்டிய மகலனோபிஸ், அதிலிருந்த ஒரு புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு நீண்ட தெருவில் வீடுகளுக்கு ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கம் இருப்பவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள். அது எந்த வீடு? 288 வீடுகள் உள்ள தெருவில் 204ஆம் எண் என்பது விடை. ராமானுஜன் கரண்டியைக் கீழே வைக்காமலே, தெரு எவ்வளவு நீண்டாலும் வரும் எல்லா விடைகளையும் தரக்கூடிய ஒரு தொடர்பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். இந்தக் கதை கணித வகுப்புகளில் எத்தனையோ முறை சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சமையலுக்கும் புதிருக்கும் நடுவே இரண்டு வெளியூர்ப் பையன்கள் குளிர்காலத்து ஞாயிறு ஒன்றை ஒன்றாகக் கழித்தார்கள் என்பதைச் சொல்பவர் குறைவு.

1915இல் மகலனோபிஸ் ஊருக்குக் கிளம்பினார். கிளம்பும் நேரத்தில் அவருடைய ஆசிரியர் மெக்காலே பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழை அறிமுகப்படுத்தினார். அதன் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். போர் காரணமாகத் திரும்பிப் போகவில்லை. ராமானுஜன் அங்கேயே இருந்தார். அவருக்கு நண்பர்களே இல்லாமல் போகவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கியானேஷ் சந்திர சட்டர்ஜி போன்ற இந்திய மாணவர்கள் அவரோடு பழகினார்கள். 1916இல் சட்டர்ஜியையும் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணையும் இன்னொரு பெண்ணையும் தன் அறைக்கு விருந்துக்கு அழைத்தார். ராமானுஜனே சமைத்து, ரசம் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டபின், மூன்றாவது முறை பெண்கள் போதும் என்று மறுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை. விசாரித்தபோது டாக்ஸியில் ஏறிப் போய்விட்டார் என்று தெரிந்தது. சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது; ஐந்து பவுன் அனுப்பும்படி. திரும்பி வந்தபின், பெண்கள் தான் பரிமாறியதை மறுத்தது மனதைப் புண்படுத்தியது என்று சொன்னார்.

அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லிக் கடந்துவிட இந்தக் கதையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது சரியில்லை. ஊரிலிருந்து வரும் புளியையும் சாமானையும் எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஒருவர், வேறு யாரும் சமைத்துத் தராத ஊரில், தன் கையால் ரசம் வைத்து விருந்தினருக்கு ஊற்றுகிறார் என்றால் அதில் எவ்வளவு இருக்கிறது! அது மறுக்கப்பட்ட வருத்தத்தைப் பகிர்ந்துகொள்ள அன்று அருகே ஓர் ஆள் இல்லை. கேம்பிரிட்ஜிலிருந்து ஆக்ஸ்போர்டு வரை அவர் தனியாகப் போனார். அடுத்த ஆண்டே உடல் நலிந்து மருத்துவமனைகளும் சானடோரியங்களுமாக அவருடைய இங்கிலாந்து வாழ்க்கை கழிந்தது.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம்.

ராமானுஜன் பிறந்தது டிசம்பர் 22. பூமியின் வடபாதியில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் அந்த நாளையொட்டித்தான் வருகிறது. அன்றைக்குத் தளவாய்புரத்தில் பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பகல் இருக்கும். மார்கழிப் பனியில் மேற்குமலை மங்கலாகத் தெரிந்தாலும், ஏழு மணிக்கெல்லாம் வெயில் முற்றத்துக்கு வந்துவிடும். அதே நாளில் லண்டனில் எட்டு மணி நேரம்கூடப் பகல் இல்லை. பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். டொரோண்டோவில் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஹெல்சிங்கியில் ஆறு மணி நேரமும் இல்லை. நோர்வேயின் டிரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

உங்களில் பலர் காலையில் இருட்டோடு வகுப்புக்குப் போய், மாலையில் இருட்டோடு அறைக்கு வருகிறீர்கள். பகுதிநேர வேலை இருந்தால் அதற்குப் பிறகு இன்னும் ஒரு ஓட்டம். சனி ஞாயிறு கிடைத்தால் போர்வைக்குள் கைப்பேசி. வீட்டுக்குப் பேசும்போது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறீர்கள். அந்தச் சோர்வு உங்கள் மனத்திடத்தின் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். வெளிச்சம் குறையும் பருவத்தில் மட்டும் வரும் மனச்சோர்வை 1984இலேயே நார்மன் ரோசன்தால் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் விவரித்து எழுதியிருக்கிறார்கள். உடம்புக் கணக்கும் ஒன்று உண்டு. அந்த உயர் அட்சரேகைகளில் குளிர்கால வெயிலால் தோலில் வைட்டமின் டி போதிய அளவு உருவாகாது. அதனால்தான் பிரிட்டனின் பொது மருத்துவ சேவை, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நாளைக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதை எல்லோரும் பரிசீலிக்கச் சொல்கிறது. நம்மைப் போன்ற கருநிறத் தோலினர் ஆண்டு முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. வைட்டமின் குறையை மாத்திரை பார்த்துக்கொள்ளும். சோர்வு வாரக்கணக்கில் நீங்காமல் படிப்பும் தூக்கமும் கெட்டால் பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் தயங்காமல் போங்கள். அதற்கென்றுதான் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் பகல் இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் வெளியே இருக்க வேண்டும் என்பதை மாத்திரை பார்த்துக்கொள்ளாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் போலந்துப் பெண், கூடத் தங்கியிருக்கும் கானா நாட்டுப் பையன், கடையில் உடன் வேலை செய்யும் அந்த ஊர்க்காரர், யாராவது ஒருவர் என்றாவது ஒருநாள் சாதாரணமாகக் கேட்பார்: சனிக்கிழமை சும்மாதானே இருக்கிறாய், ஏரிப்பக்கம் போகிறேன், வருகிறாயா? முதல் முறை கேட்கும்போதே சரி என்று சொல்லுங்கள். இரண்டாம் முறை எல்லோரும் கேட்பதில்லை.

கூச்சம் புரிகிறது. ஆங்கிலம் தடுமாறும், நடையில் பின்தங்குவோம், எதைப் பேசுவது என்றே தெரியாது. லண்டனில் சட்டம் படித்த காலத்தில் காந்திக்கும் இதேதான். வைட் தீவிலுள்ள வென்ட்னர் என்ற ஊரில் அவர் தங்கியிருந்தபோது, வீட்டுக்காரியின் மகள் ஒருநாள் அவரை அங்குள்ள குன்றுகளுக்கு அழைத்துப் போனார். காந்தி மெதுவாக நடப்பவர் அல்லர்; அந்தப் பெண் அவரைவிட வேகம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். காந்தியின் வாயிலிருந்து ஆம், இல்லை என்பதற்கு மேல் அதிகம் வரவில்லை. உச்சிக்குப் போனபின் அந்தப் பெண் குதிகால் உயர்ந்த காலணியோடு அம்புபோல் கீழே இறங்கிவிட்டார். காந்தி இடையிடையே தவழ்ந்து இறங்கி வந்தார். அந்தப் பெண் கீழே நின்று சிரித்தபடி உற்சாகப்படுத்தினார். இதையெல்லாம் காந்தியே தன் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பேச வராத அந்தப் பையன்தான் பின்னால் தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் லட்சக்கணக்கானவர்களிடம் பேசினார். குன்றிலிருந்து தவழ்ந்து இறங்கியதால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

புதிய சிநேகிதர் ஒருவரோடு குளிர்காலத்தில் ஒரு நாள் வெளியே போனால் கையோடு கிடைக்கும் பாடங்கள் பல. முதலாவது உடுப்பு. நூலும் துணியும் நம் பக்கத்துத் தொழில். தளவாய்புரத்து நைட்டிகள் ஊர் ஊராகப் போகின்றன, இராசபாளையத்தில் நூற்பாலைகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். பருத்தி ஈரத்தை உறிஞ்சும் என்பதை நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காயத்துக்குக் கட்டும் துணியைப் பருத்தியில் நெய்வதே அதற்காகத்தான். நம் வெயிலுக்கு அது வரம். பனியில் அதே குணம் எதிராகத் திரும்பும். நடந்து வியர்த்தால் உள்ளே போட்ட பருத்திப் பனியன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர், அதன்மேல் தடித்த பிளீஸ், வெளியே காற்றும் தண்ணீரும் புகாத ஒரு ஜாக்கெட் என்று அந்த ஊர்க்காரர்கள் மூன்று அடுக்காகப் போடுவதைக் கூடப் போகும்போது கவனியுங்கள். கனமான ஒரே கோட்டை வாங்கிப் பணத்தைக் கொட்டுவதைவிட இது மலிவு. பழைய துணி விற்கும் தொண்டு நிறுவனக் கடைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் அவர்கள்தான் காட்டுவார்கள்.

அடுத்தது கால். சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் படியும் மெல்லிய பனிக்கட்டிப் படலத்தில் எப்படிச் சின்னச் சின்ன எட்டாக வைத்து நடப்பது என்பதைப் பக்கத்தில் நடப்பவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். உறைந்த ஏரியைப் பார்த்ததும் இறங்கிப் படமெடுக்க ஆசை வரும். தனியாக இறங்கவே இறங்காதீர்கள். ஒருவர் நடப்பதற்கே பனிக்கட்டி 15 சென்டிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும் என்கிறது கனடா செஞ்சிலுவைச் சங்கம். தேவதானம் சாஸ்தா கோயில் ஆற்றிலும் அய்யனார் கோயில் ஆற்றிலும் எந்த இடத்தில் குளிக்கலாம், மலையில் மேகம் கட்டினால் எப்போது கரையேறிவிட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அங்கே நீங்கள் வெளியூர்க்காரர். எந்த ஏரி எந்த மாதத்தில் உறையும், எது நம்பத் தகாதது என்று அந்த மண்ணில் வளர்ந்தவர் அறிவார்.

செலவைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: பிரிட்டனில் 16 முதல் 25 வயதினருக்கான ரயில் சலுகை அட்டை இருந்தால் பெரும்பாலான பயணங்களில் மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும், 25ஐத் தாண்டிய முழுநேர மாணவர்களும் அதை வாங்கலாம். ஜெர்மனியில் 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கிய மாத அட்டையின் விலை 2025இல் 58 யூரோ ஆனது. இருந்தாலும் அதை வைத்து நாடு முழுவதும் உள்ளூர், வட்டார ரயில்களில் ஏறி இறங்கலாம். காலையிலேயே கிளம்புங்கள். நான்கு மணிக்கு இருட்டும் ஊரில் பதினொரு மணிக்குக் கிளம்பினால் போய்ச் சேரத்தான் நேரமிருக்கும். ஒரு பிளாஸ்கில் சூடாக ஏதாவது, ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதம். எங்கே, யாரோடு போகிறீர்கள், எந்த ரயிலில் திரும்புகிறீர்கள் என்று கூடத் தங்கியிருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தங்கைகளே, வீட்டில் பயப்படுவார்கள் என்று நீங்கள் இதைத் தவிர்க்க வேண்டியதில்லை. பட்டப்பகலில், பொதுப்போக்குவரத்தில், நாலு பேர் நடமாடும் இடத்துக்குப் போகிறீர்கள். அங்கே எடுத்த படத்தை அப்பா அம்மாவுக்கும் அனுப்புங்கள். கூட வந்தவர் யார் என்று அவர்கள் கேட்பார்கள். பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துங்கள்.

காரி லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014இல் டிரோம்சோ போய்த் தங்கி, கிட்டத்தட்ட இரண்டு மாதம் சூரியன் எட்டிப் பார்க்காத ஊரில் மக்கள் ஏன் வாடிப்போவதில்லை என்று ஆராய்ந்தார். வடக்கே போகப் போக மக்கள் குளிர்காலத்தை விரும்பும் மனப்பான்மை கூடுவதைக் கண்டார். பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவது அவர்களுக்கு வார வழக்கம். அதே வடநோர்வேயின் மீன்பிடி ஊர்களுக்கு 1980களிலேயே நம் ஈழத்துப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தார்கள். மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்து, அந்த மொழியைக் கற்று, அங்கே வேர் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்து வெயிலும் தளவாய்புரத்து வெயிலும் ஒரே வெயில்தான். அவர்களால் முடிந்தது.

குளிர் அதிகாலையில் தோழியை எழுப்பி வெளியே கூட்டிப்போவது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடிய திருப்பாவை முப்பது பாட்டில் ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டு வரை பத்துப் பாட்டும் தூங்கும் தோழியர் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுபவை. ஒருத்தி எழவில்லை என்று விட்டுவிட்டுப் போகவில்லை. வீடு வீடாக நின்று, கொஞ்சியும் கடிந்தும் எழுப்பி, எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போகிறார்கள். மார்கழியில் அந்தப் பாட்டுகளை ஒலிபெருக்கியில் கேட்டே வளர்ந்தவர்கள் நீங்கள்.

ஆகவே இந்த மடலின் கடைசி வேண்டுகோள், உங்களில் அங்கே ஓராண்டு, ஈராண்டு தள்ளிவிட்டவர்களுக்கு. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் ஜனவரியிலும் மாணவர்களைச் சேர்க்கின்றன. பொங்கல் சாப்பிட்ட கையோடு விமானம் ஏறும் நம்மூர்ப் பிள்ளைகள், செப்டம்பரில் வந்தவர்களைப்போல் பருவம் மாறுவதைப் பார்த்துப் பழகாமல், நேராகக் கடுங்குளிரில் இறங்குகிறார்கள். அவர்கள் சேத்தூரா சென்னையா, தமிழ் பேசுவார்களா மாட்டார்களா, யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் பார்க்காதீர்கள். முதல் வாரத்திலேயே அவர்கள் அறைக்குப் போங்கள். படுக்கையையும் ஹீட்டரையும் ஒருமுறை பாருங்கள். வைட்டமின் டி எங்கே கிடைக்கும் என்று காட்டுங்கள். அந்தச் சனிக்கிழமையே, வெளிச்சம் இருக்கும்போது, உங்களிடம் மிச்சமிருக்கும் ஒரு ஜோடிக் கையுறையைக் கொடுத்து, ஒன்பது மணி ரயிலுக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
தளவாய்புரத்திலிருந்து